கடிதங்களில் இல்லாத வெயில்

திருப்பூரிலிருந்து வளைகுடாவுக்குத் தைக்கப் போனவர்களைப் பற்றி இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தகவல் சேர்த்து வருகிறேன். யாரையாவது தேடிப்போய்ப் பேசுவது, பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டுவது, எந்த வருடம், எந்த மாதம், எந்த ஊர் என்று நோட்டில் குறித்துக்கொள்வது. பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. அப்படிக் குறித்துக்கொண்டே வந்தபோது மாதம் என்ற பத்தி கண்ணில் உறுத்தியது. ஜூன், ஜூலை, ஜூன், ஜூன் என்று திரும்பத் திரும்ப வந்தது. பாலைவன ஊருக்குக் குடிபோகிறவர்கள் எதற்காக நடுக்கோடையாகப் பார்த்துப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியோடு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். என் தாய்மாமா 1994 ஜூனில் அஜ்மான் போனவர். கட்டிங் மாஸ்டர். அங்கிருந்து அவர் எழுதிய ஏரோகிராம்களை அத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது, சீட்டுப் பணம் இருக்கிறது, மாரியம்மன் நோன்புக்கு வரமுடியாத வருத்தம் இருக்கிறது. சாப்பாடு, ரூமில் யார் யார், யாருக்கு எவ்வளவு சம்பளம், எல்லாம் இருக்கிறது. வெயில் என்ற சொல் ஒரு கடிதத்தில்கூட இல்லை. அஜ்மான் வெயிலில் மூன்று வருடம் இருந்தவர் எழுதிய கடிதங்கள் இவை.

முதல் தடவை படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது தடவைதான் பார்த்தேன். ஊரிலிருந்து யாராவது வந்தால் கொடுத்துவிடச் சொல்லி ஒரு பட்டியல் எழுதுவார். முதல் மூன்று மாதக் கடிதங்களில் அந்தப் பட்டியல் இது: வெந்தயம், விளக்கெண்ணெய், நன்னாரி வேர், சீரகம். மறுபடியும் வெந்தயம். நவம்பருக்கு மேல் பட்டியல் மாறிவிடுகிறது. பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு என்று போகிறது. அடுத்த ஜூனில் மறுபடியும் வெந்தயம் வருகிறது. உடம்புச் சூட்டுக்கு நம் வீடுகளில் எதைத் தேடுவோமோ அதையெல்லாம் மனுசன் கேட்டிருக்கிறார். அத்தைக்கு அது மளிகைப் பட்டியல். எனக்கு அன்றைக்கு அது வானிலைக் குறிப்பேடு மாதிரி தெரிந்தது.

அதைப் பிடித்துக்கொண்டு மாமாவிடம் கேட்டேன். வழக்கமாக அஜ்மான் பேச்சை எடுத்தால் சிரித்துவிட்டு எழுந்துபோகிற ஆள். அன்றைக்கு உட்கார்ந்தார்.

"எதுக்கு மாமா ஜூன்ல போனீங்க? நாலு மாசம் கழிச்சுப் போயிருக்கலாமல்லங்?"

"நாம பாத்தா போறோம் மாப்ள? விசா வந்துச்சு, போனேன். வந்த விசாவ மடியில கட்டிட்டு ஐப்பசி வரைக்கும் உக்கார முடியுமா?"

சரியான பதில்தான். ஆனால் விசா ஏன் ஜூனில் வந்தது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. அதற்கு அஜ்மானை விட்டு, அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் போகவேண்டும்.

இன்றைய தலைமுறைக்குக் கோட்டா என்றால் கல்லூரி சீட்டுதான் ஞாபகம் வரும். 2004 டிசம்பர் வரைக்கும் திருப்பூரில் கோட்டா என்றால் ஒன்றே ஒன்று. 1974-இல் வந்த மல்டி ஃபைபர் ஒப்பந்தப்படி, பணக்கார நாடுகள் ஏழை நாடுகளிலிருந்து எத்தனை உருப்படி துணி வாங்கலாம் என்று நாடு வாரியாக, வகை வாரியாக வரம்பு போட்டுக்கொண்டன. இந்தியாவுக்கு இத்தனை டி-ஷர்ட், இத்தனை சட்டை. அந்த எண்ணிக்கையை ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் ஏற்றுமதியாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். கையில் ஆர்டர் இருக்கும், துணி இருக்கும், தைக்க ஆள் இருக்கும், கோட்டா இருக்காது. வாங்கி வைத்த கோட்டாவை விற்றே காசு பார்த்தவர்களும் ஊரில் உண்டு.

இந்த வரம்பு இல்லாத நாடு ஒன்றில் மெஷினைப் போட்டுத் தைத்தால்? 1980களில் அப்படித்தான் ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் ஜெபல் அலியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் முளைத்தன. அந்த ஊர்களில் பருத்தியும் கிடையாது, நூல் மில்லும் கிடையாது, தையல்காரரும் கிடையாது. துணி வெளியிலிருந்து, ஆள் வெளியிலிருந்து, முதலாளிகளிலும் நிறையப் பேர் இந்தியர்கள். அந்த ஊரிலிருந்து கிடைத்தது ஒரு சான்றிதழ் மட்டும்: இந்த ஆடை எங்கள் நாட்டில் செய்தது என்று. பிறகு அமெரிக்கா எமிரேட்ஸுக்கும் வரம்பு போட்டது. ஆனாலும் தொழில் ஓடியது. 2005 ஜனவரி 1-ஆம் தேதி உலகம் முழுக்கக் கோட்டா முடிந்தது. அங்கே தைப்பதற்கான காரணமும் அன்றோடு போய்விட்டது. அடுத்த சில வருடங்களில் பெரும்பாலானவை மூடிவிட்டன. பாலைவனத்தில் ஒரு தொழில் தோன்றி மறைய இருபத்தைந்து வருடம்கூட ஆகவில்லை.

இதில் ஜூன் எங்கே வருகிறது? திருப்பூர் அடிப்படையில் கோடைக்கால உடுப்புத் தைக்கிற ஊர். வெள்ளைக்காரன் மே, ஜூனில் போடுகிற பருத்தி டி-ஷர்ட்டை நாம் கார்த்திகையில் ஆரம்பித்துப் பங்குனிக்குள் அனுப்பிவிடுவோம். வைகாசி கழிந்தால் டல் சீசன். ஒன்றரை ஷிப்ட் ஓடின பவர் டேபிள் ஒரு ஷிப்டாகும், அப்புறம் வாரத்துக்கு நான்கு நாள். சரியாக அதே ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், பீஸ் கட்டவேண்டும். அந்தப் பக்கம், குளிர்காலத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் போகவேண்டிய சரக்கு தைக்கப்படுவது ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. இங்கே கை சும்மா இருக்கிற மாதமும் அங்கே கை வேண்டியிருக்கிற மாதமும் ஒன்றாகிவிடுகின்றன. என் நோட்டில் ஜூன் அத்தனை தடவை வந்ததற்கு நான் காண்கிற காரணம் இதுதான். வெயில் எவ்வளவு என்று இந்தக் கணக்கில் யாரும் கேட்கவில்லை.

கொங்குநாட்டுக்காரனுக்கு இந்தக் கணக்கில் தனியாக ஒரு கொடுமை இருக்கிறது. நமக்கு வெயில் சித்திரையோடு உச்சம் தொட்டு இறங்கிவிடும். ஜூன் பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று உள்ளே வரும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் எல்லாம் சுற்ற ஆரம்பிக்கும். பகல் 32 டிகிரி, ராத்திரி போர்வை கேட்கும். ஊர் குளிர ஆரம்பிக்கிற வாரத்தில் கிளம்பி, கோவையில் பம்பாய் ரயில் ஏறி, அங்கே லாட்ஜில் நாலு நாள் காத்துக் கிடந்து, விமானத்தில் நாலு மணி நேரத்துக்குள் அஜ்மான் பக்கம் இறங்கினால் பகல் 41, 42. பகலைக்கூட விட்டுவிடலாம். ராத்திரியும் சூடு பெரிதாக இறங்காது. அந்தக் கடலே ஆகஸ்டில் 32 டிகிரிக்கு மேல் சூடாகிக் கிடக்கும். பாலைவனம் என்றால் வறண்ட வெயில் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அங்கே காத்திருப்பது நீராவி. வியர்வை வழியும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

"நாமெல்லாம் வெயில்ல பொறந்து வளந்தவங்க, நமக்கென்னனு நெனச்சுப் போனேன் மாப்ள. பிளேன்ல இருந்து எறங்குனதும் எஞ்சின் காத்துதான் அடிக்குதுன்னு நெனச்சேன். ரொம்ப தூரம் நடந்து வந்தும் அதே காத்து."

அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று தேடியபோதுதான் எனக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது. அவர்கள் கோடையில் ஊரிலேயே இருக்கவில்லை. எண்ணெய்க்கு முந்திய காலத்தில் துபாய், ஷார்ஜா, அபுதாபி போன்ற கடலோர ஊர்களில் ஜூன் வந்தால் ஊர் இரண்டாகப் பிரியும். திடமான ஆண்கள் முத்துக்குளிக்கக் கடலுக்குப் போவார்கள். பெரிய முத்துக்குளிப்பு ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான். பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள் ஒட்டகத்தில் ஏறி உள்நாட்டுப் பேரீச்சந்தோப்புகளுக்கு, அல் ஐன், லிவா, ராஸ் அல் கைமா பக்கம், கிளம்பிவிடுவார்கள். பேரீச்சை பழுப்பதும் அப்போதுதான். நிழல், கிணற்று நீர், சாப்பிடப் பழம். வெயில் தணிந்தபின் கடற்கரைக்குத் திரும்புவார்கள். வசதியுள்ள வணிகர்கள் வீட்டு மேலே காற்றுக்கோபுரம் கட்டி, போகிற காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கினார்கள். துபாய் ஓடைக்கரையில் அந்தக் கோபுரங்கள் சில இன்னும் நிற்கின்றன, சுற்றுலாக்காரர்களுக்காக.

மன்னார் வளைகுடாவிலும் முத்துக்குளிப்பு உண்டென்பது நமக்குத் தெரியும். இங்கே அது மாசி, பங்குனி வாக்கில் நடக்கும், கடல் அமைதியாக இருக்கும்போது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையில் நடந்த பெரிய குளிப்புகளுக்கு அரபு முக்குளிப்போர் வந்து போயிருக்கிறார்கள். மார்ச்சில் இங்கே வந்து, ஜூனில் தங்கள் கடலுக்குத் திரும்பலாம். அந்தக் காலத்து உழைப்பாளி கடலைக் கடந்தபோதும் பருவத்தைப் பார்த்தே கடந்தான். 

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது இரண்டு விஷயம். ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929-க்குப் பிறகு வந்த பொருளாதார மந்தமும் சேர்ந்து முத்துத் தொழிலை முடித்தன. பிறகு எண்ணெய் வந்தது, எண்ணெயோடு மின்சாரம், மின்சாரத்தோடு ஏசி. ஆகஸ்டில் காலியாகக் கிடக்க வேண்டிய ஊர் வருடம் பூராவும் இயங்கத் தொடங்கியது.

ஏசியைப் பற்றி ஒரு சின்ன விலகல், நம் தொழிலோடு சம்பந்தம் இருப்பதால். வில்லிஸ் கேரியர் 1902-இல் புரூக்ளினில் தன் முதல் இயந்திரத்தை வடிவமைத்தது ஓர் அச்சகத்துக்காக. ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ண அச்சு ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரை 1906-இல் வைத்தவர் ஸ்டூவர்ட் கிராமர், வட கரோலினாவில் பருத்தி மில்களுக்கு வேலை செய்த பொறியாளர். காற்று காய்ந்தால் நூல் அறும், அதனால் காற்றைப் பதப்படுத்தினார். கோயமுத்தூர் ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் ஹ்யூமிடிட்டி பிளான்ட் பற்றிச் சொல்வார்கள். மனிதனுக்கு வியர்க்கிறது என்று யாரும் முதலில் கவலைப்படவில்லை. காகிதமும் நூலும்தான் முன்னால் நின்றன. மாமா வேலை பார்த்த கம்பெனியிலும் அதே வரிசைதான். துணி குடோனிலும் தையல் வரிசையிலும் ஏசி. அயர்ன் பகுதிக்கு மேலே தகரம், பக்கத்தில் பாய்லர், ஆளுக்கு ஒரு ஸ்டீம் அயர்ன்.

மாமா அதுவரை யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னார். அவரோடு அதே வாரம் வந்திறங்கிய ஒரு பையன், ஈரோட்டுப் பக்கத்துக்காரன், 22 வயது. அயர்ன் மாஸ்டர். வந்த மறுநாளே முழு ஷிப்டும் ஓவர்டைமும் நின்றான். நாலாம் நாள் சாயங்காலம் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு ரூமுக்குப் போனான். காலையில் எழவில்லை.

"ஹார்ட் அட்டாக்னு எழுதி அனுப்பிச்சாங்க. இருவத்திரெண்டு வயசுப் பையனுக்கு. நாங்களும் செரி, பாவம், விதின்னு இருந்துட்டோம். உங்க அத்தைக்கு எழுதலாம்னு லெட்டரை எடுத்தேன். எழுதுனா இவ அழுதுட்டே இருப்பா. வெந்தயம் அனுப்பச் சொல்லி எழுதிட்டு ஒட்டிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

புது ஆளுக்கு முதல் வாரம்தான் ஆபத்து என்பது 1994-இல் யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. முதல் உலகப்போரில் இதே வளைகுடாவின் தலைமாட்டில், பஸ்ராவில், இந்தியச் சிப்பாய்களும் பிரிட்டிஷ் சிப்பாய்களும் கோடையில் இறக்கப்பட்டு வெப்பத்தாக்குதலில் விழுந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படையும் அந்தப் போர்முனையில் இருந்தது. ஐஸும் தண்ணீரும் வைத்துத் தனி வெப்பத்தாக்குதல் நிலையங்களே அமைக்க வேண்டியதாயிற்று. அங்கே ஆலோசனை மருத்துவராக இருந்த வில்லியம் வில்காக்ஸ் 1920-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைப் பற்றி எழுதினார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1920களில் தொழிலாளர்கள் வெப்பத்தில் சாக ஆரம்பித்ததும், 1930களில் புது ஆட்களைப் படிப்படியாகப் பழக்கிய பிறகே முழு வேலைக்கு இறக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். உடம்புக்கு ஒன்றிரண்டு வாரம் கொடுத்தால் அது தானாகக் கற்றுக்கொள்ளும்: சீக்கிரம் வியர்க்கும், வியர்வையில் உப்புக் குறையும், இரத்தத்தில் நீர் கூடும். சுரங்க முதலாளிகள் கருணையால் செய்யவில்லை. செத்த ஆளால் தங்கம் எடுக்க முடியாது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை இன்றைக்குச் சொல்கிற கணக்கைப் பாருங்கள். வேலையிடத்தில் வெப்பத்தால் சாகிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே சாகிறார்கள். 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள்.

இதை வைத்துக்கொண்டு மறுபடி அந்த ஜூனைப் பார்க்கவேண்டும். ஒருவன் நவம்பரில் போய் இறங்கினால் அவன் உடம்புக்கு ஆறேழு மாதம் கிடைக்கிறது, வெயில் மெல்ல ஏறும்போது கூடவே ஏறிக்கொள்ள. ஜூனில் இறங்குகிறவனுக்கு விமானத்தில் அந்த நாலு மணி நேரம்தான்.

சட்டம்? 1983-ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டம் இருந்தது. படிப்புக் குறைந்தவர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி முத்திரை வாங்கித்தான் போகவேண்டும். ஒப்பந்தம், சம்பளம், திரும்பி வர டிக்கெட் எல்லாம் அதில் பார்ப்பார்கள். அங்கே, எமிரேட்ஸில், மதிய வேலைத் தடை 2005-இல்தான் வந்தது. முதல் வருடம் ஜூலை, ஆகஸ்டில் மதியம் 12.30-லிருந்து 4.30 வரை. அடுத்த வருடமே 3 மணியோடு நிறுத்திக்கொண்டார்கள். இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, 12.30 முதல் 3 வரை. நல்ல விஷயம்தான். ஆனால் அது வெட்டவெளியில், நேர் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு. தகரக் கூரைக்குக் கீழே ஸ்டீம் அயர்னோடு நிற்கிறவன் சட்டப்படி நிழலில் இருக்கிறான். கத்தார் 2021-இல் கொண்டுவந்த விதி கொஞ்சம் பரவாயில்லை. கடிகாரத்தோடு நிற்காமல், வெப்பம், ஈரம், வெயில், காற்று எல்லாம் சேர்த்து அளக்கிற குறியீடு 32.1-ஐத் தாண்டினால் வேலையை நிறுத்தவேண்டும் என்கிறது. அந்தக் குறியீடுகூட 1950களில் அமெரிக்க மரைன் படை வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஆட்கள் சுருண்டு விழுந்ததால் உருவானது.

கத்தாரில் 2009 முதல் 2017 வரை இறந்த 1,300-க்கும் மேற்பட்ட நேபாளத் தொழிலாளர்களின் மரணங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019-இல் 'கார்டியாலஜி' இதழில் வந்தது. பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். மாரடைப்பு, இதய நோய் என்று எழுதப்பட்ட மரணங்களை மாத வாரியாக அடுக்கினால் வெப்பம் ஏறுகிற மாதங்களில் அவையும் ஏறுகின்றன. சரியான வெப்பப் பாதுகாப்பு இருந்திருந்தால் அவற்றில் 200 வரை தடுத்திருக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் மாரடைப்பு. மொத்தமாக அடுக்கினால்தான் வெயில் தெரிகிறது. கடிதத்தில் வெந்தயத்துக்குப் பின்னால் இருந்த மாதிரி, சான்றிதழில் இதயத்துக்குப் பின்னால் இருக்கிறது. அந்த ஈரோட்டுப் பையன் விஷயத்தில் மாரடைப்பு என்ற அந்த ஒரு சொல்லோடு கேள்வியே முடிந்துவிட்டது. அன்றைக்கு எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் நின்றான், வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எந்தக் காகிதமும் கேட்கவில்லை.

இனிமேல் யாரிடம் பேசப் போனாலும் கடிதம் இருக்கிறதா என்று கேட்பதோடு, அதில் என்ன அனுப்பச் சொன்னார்கள் என்றும் கேட்கலாம் என்றிருக்கிறேன். இதுவரை மூன்று வீட்டில் கேட்டாயிற்று. ஒரு வீட்டில் நன்னாரி, ஒரு வீட்டில் மண்பானை. மண்பானையை விமானத்தில் கொண்டுபோக முடியுமா என்று கேட்டு மட்டும் இரண்டு கடிதம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிக் கடிதங்கள் இருந்தால், தேதியோடு பட்டியலை மட்டும் எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம்.

நோட்டில் இன்னொரு பக்கமும் திறந்திருக்கிறேன். இப்போது திருப்பூருக்கே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்கள் வந்து இறங்குகிறார்கள். எங்கள் தெருமுனையில் இருக்கும் செக்கிங் யூனிட்டில் ஒடிசாப் பையன் ஒருவனிடம், ஊரை விட்டு எந்த மாதம் கிளம்பினாய் என்று கேட்டேன். ஜூன் என்றான். இங்கே நல்லா குளுகுளுன்னு இருக்குண்ணா என்று சேர்த்துச் சொன்னான். அவன் வேலை பார்ப்பது செக்கிங் டேபிளில், ஜன்னல் பக்கம். அயர்ன் பகுதியில் நிற்கிறவனை இன்னும் கேட்கவில்லை.

நான் கிளம்பும்போது மாமா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஆனிக் காற்று தென்னை மட்டைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. மண் வாரி அடிக்கிறது, உள்ளே வந்து உட்காருங்கள் என்று அத்தை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் எழுந்திருக்கவில்லை. சட்டை பட்டனைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.